அன்ரனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்

ரெஜி, இந்தக் கடிதம் உன் கண்ணில் படுவதற்கு முன்பே முன்பின் தெரியாத பலர் இதை வாசித்திருப்பார்கள். அதற்காக நீ என்மேல் கோபப்படுவாய். கோபப்படு. உன் வீட்டுத் தொலைபேசியை இப்போதெல்லாம் கரோலின்தான் எடுக்கிறாள். உன் மனைவி நல்லவள். நீ குளித்துக்கொண்டிருக்கிறாய், கூட்டத்துக்குப் போயிருக்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே குரல் கம்மிப் போகிறது. உன் அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே பதில்தான் வந்தது. உன் தங்கை ஜெனி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். கருத்துத் தெரிவித்தமைக்கு நன்றியாம், தொகுதி மக்களின் எண்ணங்களை உறுப்பினர் பெரிதும் மதிக்கிறாராம். நான் உன் தொகுதி ஆள் இல்லை, மகன். உன்னைப் பெற்றவள். அதனால்தான் மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் தமிழ் மாதப் பத்திரிகை நடத்துகிற, எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இதைப் போட்டா உங்கட மகன்ர அரசியல் அவ்வளவுதான். தெரியும்தானே? வடிவா யோசிச்சுப் பேந்து தாங்கோ" என்றார். தெரியும் என்றேன். பேந்து, பிறகு என்கிற அவகாசம்தான் எங்களுக்கு இல்லை என்றும் சொன்னேன்.

அன்ரன் யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் என் தங்கையின் பிள்ளை. தாய் இறந்தபோது பால் மறக்காத குழந்தை. தகப்பன் வேறு கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பேக்கரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் உன்னோடும் ஜெனியோடும் அவனும் வளர்ந்தான். பெற்ற தாயை அவன் மறந்துவிடக் கூடாது என்று என்னைப் பெரியம்மா என்றே கூப்பிடப் பழக்கினேன். அது ஒரு நாள் சட்டப்படி அவனுக்கு எதிராக நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூட விவாதப் போட்டிக்கு நீ பேசிப் பழகுவாயே, நினைவிருக்கிறதா? மா மூட்டைகளின்மேல் ஏறி நின்று, கையை நீட்டி, "நடுவர் அவர்களே!" என்று தொடங்குவாய். கீழே நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பது அன்ரன் ஒருவன்தான். எங்கே கைதட்டவேண்டும் என்று நீ முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாய். அவன் அந்த இடம் வருவதற்கு முன்பே தட்டிவிடுவான். நீ இறங்கி வந்து அவன் தலையில் குட்டிவிட்டு மறுபடி ஏறுவாய். குட்டு வாங்கிய பிறகும் அவன் அடுத்த நாள் வந்து உட்காருவான். இன்று உன்னை ஒரு நகரமே கேட்கிறது. உன்னை முதலில் கேட்டவன் அவன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பெடியன்களை ஆமிக்காரர் வழியில் மறித்து வண்டியில் ஏற்றத் தொடங்கிய காலத்தில் உன்னை அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் அப்போது உயிரோடு இருந்த என் அண்ணரிடம் அனுப்பினோம். மாணவர் விசாவில் போனாய். பகலில் படிப்பு, பின்னேரங்களில் பெற்றோல் நிரப்பும் செற்றில் வேலை. படிப்பு முடிந்து விசாவும் முடியப்போகிற நேரம் ஊரில் கலவரம், சண்டை. நீ திரும்பி வந்தால் உயிரோடு இருப்பாயா என்று அப்பாவும் நானும் மாறி மாறித் தேவாலயத்தில் போய் நின்றோம். அப்போது உனக்கு உதவியது யார்? உன் பெற்றோல் செற்றுக்குக் கார் கொண்டுவரும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், உங்கள் பகுதியின் பழமைவாதக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். நீ கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உன் கதையைச் சொன்னாயாம். அவர் உன்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உனக்காக அமைச்சருக்கு எழுதி, கையெழுத்துப் போட்டார். "அம்மா, அந்தாளுக்கு என்னை ஆரெண்டே தெரியாது. கேட்டன், செய்தார்" என்று நீ எழுதியிருந்தாய். அந்த நன்றியில்தான் நீ அவருடைய கட்சியில் சேர்ந்தாய். எங்கள் ஆட்கள் பலர் உன்னைக் கேலி செய்தார்கள். அந்தக் கட்சி உன் நிறத்துக்கு ஏற்றதில்லை என்றார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நன்றி மறவாத பிள்ளையைப் பெற்றேன் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன்.

நானும் ஜெனியும் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்த விதம் உனக்குத் தெரியும். வேறொரு பெண்ணின் பெயர் போட்ட கடவுச்சீட்டில், அவளைப்போலத் தலைமயிரை வெட்டிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி "பொன்ஜூர்" என்று சிரித்தாள். நான் பதிலுக்கு அழுதேன். என்னிடம் இருந்த கடவுச்சீட்டு என்னுடையதல்ல என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், ஜெனிக்குப் பால் கொடுத்தார்கள். முதல் முறை உன்னோடு தொலைபேசியில் பேசியபோது, "பொய்ப் பாஸ்போட்டில வந்திட்டன் தம்பி, வெக்கமாக் கிடக்குது" என்றேன். நீ விம்மி விம்மி அழுதாய். "எப்பிடி வந்தாலென்ன அம்மா? வந்திட்டியள். அதுதான் காணும்" என்றாய். அந்த வார்த்தையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் இந்த ஊரின் முதல் பனிக்காலத்தைக் கடந்தேன்.

அப்பாவைக் கூப்பிட அனுமதி கிடைத்தது. அன்ரனுக்குக் கிடைக்கவில்லை. நான் பெற்ற பிள்ளை இல்லை என்றார்கள், வயதும் கடந்துவிட்டது என்றார்கள். அப்பா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: "அவனைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்." பிறகு ஆமி நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் எழுந்து நடந்த அந்த மழைக்காலம் வந்தது. அப்பாவுக்கு அப்போது ஒரு பக்கம் இழுத்துவிட்டிருந்தது. நடக்க முடியாது. அன்ரன் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் சாரத்துணியால் சீற்றோடு கட்டி, சனத்துக்கு நடுவில் உருட்டிக்கொண்டே போனான். வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து அவருக்கு மலம் கழுவி, கஞ்சி பருக்கி, கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் அவன்தான். சவப்பெட்டி கிடைக்காமல், பிள்ளைகள் இருக்கும் வாங்கைப் பிரித்து அந்தப் பலகையில் அடித்தானாம். அந்தச் செய்தி உனக்கு வந்த அன்று நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் செய்யவேண்டினதை அவன் செய்திட்டான் அம்மா. அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன்." இதை நான் உன்னிடம் கேட்டுச் சொல்ல வைத்ததில்லை. நீயாகச் சொன்னது.

உன் உயர்வைப் பற்றியும் எழுதுகிறேன். என் பிள்ளையின் உழைப்பை நான் மறைத்தால் இந்தக் கடிதம் நியாயமான கடிதமாக இருக்காது. நகரசபையில் குப்பை வண்டி, வடிகால், விளையாட்டு மைதானம் என்று வருடக்கணக்காக அலைந்தாய். பாராளுமன்றத்துக்கு முதல் முறை கேட்டபோது உன் கட்சிக்காரரே, அந்தப் பெயருக்கு யார் வோட்டுப் போடுவார்கள் என்று உன்னைத் தள்ளிவைத்தார்கள். நீ பாக்கியநாதன் என்ற அப்பாவின் பெயரை வெட்டி நேதன் ஆக்கிக்கொண்டு அடுத்த முறை வந்தாய். எனக்கு நொந்தது, சொல்லவில்லை. அந்தத் தேர்தலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாய். வாக்குச்சாவடி வாசலில் நான் நீலச் சேலை கட்டிக்கொண்டு உன் படம் போட்ட துண்டுத்தாள்களை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் என் கையிலிருந்த தாளைத் தட்டிவிட்டு, வந்த இடத்துக்கே போகச் சொன்னார். நீ ஓடி வந்தாய். அவரைத் திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். குனிந்து அந்தத் தாளைப் பொறுக்கி, தூசு தட்டி, "நல்ல நாளாக அமையட்டும், ஐயா" என்று மறுபடி அவரிடமே நீட்டினாய். அவரும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். "அவற்ற வோட்டும் எனக்கு வேணும் அம்மா" என்று என் காதுக்குள் சொன்னாய். அன்றைக்கு உன் பொறுமையை மெச்சினேன். இன்றைக்கு அந்த மனிதரின் முகம்தான் எனக்கு அடிக்கடி வருகிறது. அவருடைய வாக்கை வாங்க நீ குனிந்தாய். பரவாயில்லை. வாங்கிய பிறகும் ஏன் நிமிரவில்லை?

பாராளுமன்றத்தில் உன் முதல் பேச்சுக்கு மேலே பார்வையாளர் மாடத்தில் கரோலினுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் ஆங்கிலத்துக்குப் பாதிதான் எட்டியது. அப்பாவின் பேக்கரியைச் சொன்னாய், பாண் வாசத்தைச் சொன்னாய். பிறகு, "என் குடும்பம் முன்கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்தது" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் கைதட்டினேன். வெளியே வந்தபிறகுதான் கரோலின் மெதுவாக விளக்கினாள். எந்தக் கதவை மகன்? இரவல் பெயரோடு வந்த உன் தாயும் தங்கையும் எந்தக் கதவைத் தட்டினோம்? அன்றே உன்னைக் கேட்டிருக்கலாம். எல்லோரும் உன்னோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், உன் முகம் அப்பாவின் கலியாணப் படத்து முகம்போல இருந்தது, விட்டுவிட்டேன்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் நாங்கள் இங்கே நகரின் நடுவில் பனியில் நின்று கத்தினோம். பேருந்தில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்ரன், அவன் மனைவி ராணி, அவர்களுடைய சின்ன மகள், மூவரும் உள்ளே இருந்தார்கள். ஒரு செய்தியும் இல்லை. சண்டை முடிந்தும் மாதங்கள் போயின. ஒரு நாள் காலை நான் டெப்பனரில், அதுதான் எங்கள் மூலைக்கடையில், பால் வாங்கிக்கொண்டு செயின்ட்-மிஷேலில் இருக்கும் எங்கள் வீட்டின் வெளிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். ஜெனி வாசலுக்கு ஓடி வந்து தொலைபேசியை நீட்டினாள். "பெரியம்மா, நான் அன்ரன்" என்றது குரல். எங்கிருந்து பேசுகிறாய் என்றேன். "அண்ணையின்ர நாட்டில, பெரியம்மா" என்றான். மீன்பிடிப் படகில் வந்து, கடலில் மறிக்கப்பட்டு, ஏதோ ஒரு தீவில் அடைக்கப்பட்டிருந்தான். ராணியும் பிள்ளையும் வவுனியாவில் முள்வேலி முகாமுக்குள். அவன் வன்னியில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், துவக்கு, ஆயுதம் எதுவும் தூக்காதவன். ஆனாலும் பெயர் தெரிந்து ஆமிக்காரர் தேடுகிறார்கள் என்று ராணிதான் அவனை வேலிக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறாள்.

அந்த நிமிடமே உன்னைத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று "ரெஜி, ரெஜி" என்றேன். "இருக்கிறன் அம்மா" என்றாய். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் பாக்கிறன்." உன்னை நம்பினேன். சில கிழமைகள் கழித்து ஜெனியின் மூத்தவன் கணினியில் உன்னைக் கண்டுபிடித்து, "அம்மம்மா, மாமா ரி.வி.யில!" என்று கூப்பிட்டான். படகுகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிற கட்சியில் இருக்கிறீர்கள், வருகிறவர்கள் உங்கள் சொந்த இனம், சங்கடமாக இல்லையா என்று பேட்டி எடுத்த ஒரு பெண் உன்னைக் கேட்டாள். நீ கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னாய்: "வரிசை என்றால் வரிசைதான். என் சொந்தச் சகோதரனே வந்தாலும் இதையேதான் சொல்வேன்." பேரன் பிரெஞ்சில் எனக்கு அதைத் திருப்பிச் சொன்னான், பிறகு தமிழில் தடுமாறினான். சொல்லத் தேவையில்லை என்றேன். எனக்கு விளங்கிவிட்டது. தெரியாமல் சொல்லியிருந்தால் அது வாய்ப்பேச்சு. நீ தெரிந்துகொண்டு சொன்னாய்.

உன் வாதம் எனக்குத் தெரியாததல்ல. படகு வந்தால் கடலில் சாவார்கள், வராவிட்டால் சாவில்லை என்று நீ முன்பும் என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். அன்ரனின் படகிலேயே ஒருவர் செத்திருக்கிறார். ஆனால் வரிசை என்ற சொல்லை அவன் முன்னால் சொல்லிப் பார். வன்னியில் அவன் பிள்ளைக்குக் கஞ்சி வாங்க ஏனத்தோடு நின்ற வரிசையில் ஷெல் விழுந்தது. அவனுக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை. அவன் அந்த ஏனத்தையும் தூக்கிக்கொண்டு பிள்ளையிடம் ஓடினான். அவன் நின்ற வரிசை அது ஒன்றுதான் ரெஜி. வேறு வரிசை எங்கே போட்டிருந்தார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பேட்டி வந்த மறுநாள் அன்ரன் என்னைத் தொலைபேசியில் எடுத்தான். அவனே தொடங்கினான். "அண்ணையை ரி.வி.யில பாத்தனான் பெரியம்மா. இஞ்ச எல்லாரும் இருந்து பாத்தவை. கோட் சூட்டில நல்ல வடிவா இருக்கிறார், என்ன? கொஞ்சம் உடம்பு வைச்சிட்டுது." மற்றவர்கள் உன்னைத் தூஷணத்தால் பேசினார்களாம். அவன் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டானாம். "நீ சொல்லேல்லையோ, உன்ர அண்ணன் எண்டு?" என்று கேட்டேன். "ஏன் சொல்லோணும்? அவற்ற பேர் கெட்டுப்போம். விசாரணையிலயும் கேட்டவை, இஞ்ச சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு. ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்" என்றான். ஏதோ எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறவன்போலச் சொன்னான்.

அந்தப் பதில்தான் அவன் கழுத்தைச் சுற்றியது. அவனுடைய விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அவன் சொல்கிற ஆள் அவன்தானா என்பதே சந்தேகமாம். காகிதங்கள் எல்லாம் வன்னி மணலில் போய்விட்டன. அவனுக்காக வாதாடுகிற இளம் பெண் மெல்பேர்ணிலிருந்து ஜெனியோடு பேசினாள். இனி ஒரே ஒரு மறுபரிசீலனைதான் இருக்கிறது, அதுவும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவனோடு ஒன்றாய் வளர்ந்த யாராவது ஒருவர், அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் இன்னும் நல்லது, முன்னால் வந்து இவன் இன்னார்தான் என்று சொல்லவேண்டும் என்றாள். யாரும் இல்லையா என்று கேட்டாள். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் உன்னை எடுத்தேன். அன்று கடைசியாகத் தொலைபேசியை நீயே எடுத்தாய். "அம்மா, நான் இப்ப முன்னுக்கு வந்தா, என்ர சொந்தக்காரனுக்காகச் சட்டத்தை வளைச்சன் எண்டுவினம்" என்றாய். வளைக்கவேண்டாம், அவன் உன் தம்பி என்று மட்டும் சொல் என்றேன். "நீங்கள் ரெண்டும் ஒண்டெண்டு நினைக்கிறியள். இஞ்ச அப்பிடி இல்லை. எலக்‌ஷன் வருது. எல்லாம் முடியட்டும், நான் வேற வழியால பாக்கிறன்." அதுவரை அவன் அங்கே இருப்பானா என்று கேட்டேன். "அம்மா, பிளீஸ்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய்.

மறுபரிசீலனை விசாரணை நடந்தபோது இங்கே மாலை. உங்களுக்கு மறுநாள் காலை. ஜெனி பிள்ளைகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் சாட்சி சொல்வதற்காகத் தொலைபேசியை மேசையில் வைத்தோம். அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், அன்ரனின் லோயர், அன்ரன். அன்ரனின் தாய் எப்படி இறந்தாள், அவன் உடம்பில் எங்கே தழும்பு, எங்கள் பேக்கரியின் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றெல்லாம் அதிகாரி கேட்டார். மரியாதையான மனிதர், என்னைச் சாகடிக்கிற அளவுக்கு நிதானம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டார்: "அந்த வீட்டில் இவரோடு வளர்ந்தவர்களில் வேறு யாராவது இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்களா?" அன்ரன் இடையில் புகுந்தான். "இல்லை, பெரியம்மாவுக்கு வயசு போட்டுது, அவ மாறிச் சொல்லுவா" என்றான். அவரைப் பேசவிடுங்கள் என்றார் அதிகாரி. ஜெனி என் முழங்காலைப் பிடித்தாள். நான் சொன்னேன். "இருக்கிறான். என்ர மூத்த மகன். ரெஜினோல்ட் பாக்கியநாதன்." அவருக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. எழுத்துக்கூட்டச் சொன்னார். பிறகு நீ வைத்துக்கொண்டிருக்கிற பெயரையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அம்மா, நீங்கள் சொல்லுறது அந்தப் பாராளுமன்ற உறுப்பினரையோ?" என்று தமிழில் என்னையே கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம். அன்ரன் அழுதுகொண்டு, "ஏன் பெரியம்மா? ஏன் சொன்னனீங்கள்?" என்றான்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். முன்பு ஏன் மறைத்தாய் என்று அன்ரனைக் கேட்டார். ஒரு முறை பொய் சொன்னவன் மற்றதெல்லாம் உண்மை சொன்னான் என்று தான் எப்படி நம்புவது என்று கேட்டார். இரண்டுக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அண்ணையைக் காப்பாற்றவே மறைத்தேன் என்று சொன்னால்கூட உனக்கு இழுக்கு என்று நினைத்தானோ என்னவோ. கடைசியில் அவனுடைய லோயர் மன்றாடி ஒரு தவணை வாங்கினாள். அதற்குள் நீ வந்து அவனை அடையாளம் சொன்னால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். வராவிட்டால், சொந்த அண்ணனே வரவில்லை என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். உன் மௌனமும் அங்கே ஒரு சாட்சி, ரெஜி. நீ ஒன்றும் செய்யாமல் ஒதுங்கி நிற்பதாக நினைக்கிறாய். ஒதுங்க இடமில்லை. ஏற்கெனவே அங்கிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் வராது என்று ஜெனி வைத்துவிட்டாள். அவர்கள் எழுதுவதற்கு முன் நீயே எழுந்து சொல். அந்தக் கிழவர் உனக்காகக் கையெழுத்துப் போட்டபோது அவருக்கும் தேர்தல் இருந்தது.

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற வயது எனக்குப் போய்விட்டது. கேட்கிற வயது உனக்கும் போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பதவி போனால் மனிதர் வாழ்கிறார்கள். உனக்கு மனைவி இருக்கிறாள், வீடு இருக்கிறது, படித்த தொழில் இருக்கிறது. கொஞ்ச நாள் வெளியே முகம் காட்டக் கூச்சமாக இருக்கும், பிறகு உலகம் மறந்துவிடும். அவனை விமானத்தில் ஏற்றிவிட்டால், கொழும்பில் இறங்குகிற அன்றே கொண்டுபோய்விடுவார்கள். அதை நீ மறக்கமுடியாது. உன்னை நான் வளர்த்தேன். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக, நான் செய்த ஒரு காரியத்தை நீ அறிந்திருக்கவேண்டும். விசாரணைக்குப் பிறகு அன்ரன் என்னோடு பேசாமல் இருந்தான். அவனை இப்போது தீவிலிருந்து மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உன் அலுவலகத்திலிருந்து காரில் போகிற தூரம்தான் என்று அந்த லோயர் பிள்ளை சொன்னாள். அவன் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்றும் சொன்னாள். கட்டாயப்படுத்தி அவனைத் தொலைபேசிக்குக் கூட்டிவந்தாள். "அன்ரன், சாப்பிடு ராசா" என்றேன். எனக்கு வேறொன்றும் வரவில்லை. பொய் சொன்னேன். "அண்ணை கதைச்சவன். உன்னைப் பாக்க வாறனெண்டு சொன்னவன்" என்றேன். "மெய்யோ பெரியம்மா?" என்றான். "மெய்தான்." "எப்ப வாறாராம்?" "நாள் சொல்லேல்லை. வருவான்." "அப்ப நான் சவரம் எடுத்து, வெளிக்கிட்டு நிக்கிறன். இப்பிடிக் கோலத்தில அண்ணை என்னைப் பாக்கக்கூடாது" என்றான்.

அன்றிலிருந்து சாப்பிடுகிறானாம். காலையில் எழுந்து சவரம் செய்து, கிடைத்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை கதவுக்கு நேரே இருக்கிறானாம். இரவில் அந்தச் சட்டையைத் துவைத்துப் போடுகிறானாம். பார்வையாளரை மத்தியானத்துக்குப் பிறகு விடுவார்கள். வாசலில் பெயர் கேட்பார்கள். யார் வேண்டும் என்றும், உறவு என்ன என்றும் கேட்பார்கள். அதற்கு நீ என்ன சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும். போ, மகன். இன்றைக்கே போ.

— அம்மா